வென்ற கொள்கையும் தோற்ற மக்களும்: அமெரிக்க மக்கள் கட்சியின் வரலாறு

அமெரிக்க அரசாங்க முறையைப் பற்றிக் குடியியற் பாடத்திலே நாம் படிக்கும் செய்திகள் மிகச் சுருக்கமானவை. அங்கே இரண்டு பெருங் கட்சிகள் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் நடைபெறும். கூடிய வாக்குப் பெற்றவர் வெள்ளை மாளிகைக்குட் புகுவார். படிப்பவரும் படிப்பிப்பவரும் இவ்வளவோடு நின்றுவிடுவது வழக்கம். மக்கள் இரண்டு கட்சிகளை விரும்பினார்கள், ஆகவே இரண்டு கட்சிகள் இருக்கின்றன என்ற எண்ணமும் இதனால் மாணவர் மனத்திற் படிந்துவிடுகிறது.

வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பவருக்கு வேறொரு காட்சி தென்படும். 1892ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரிலே விவசாயிகளும் தொழிலாளரும் கூடி ஒரு புதிய கட்சியின் கொள்கைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டனர். மக்கள் கட்சி என்பது அதன் பெயர். வருமான வரி, செனற் சபைக்கு நேரடித் தேர்தல், இரகசிய வாக்கெடுப்பு ஆகியன அவர்கள் கேட்டவற்றுட் சில. நான்கே ஆண்டுகளில் அக்கட்சி நொறுங்கிப்போயிற்று. ஆனால், அக்கோரிக்கைகளிற் பல இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் சட்டமாயின. அவை சட்டமான வேளையிலே, அவற்றுக்காகக் குரல் கொடுத்த தென்பகுதி ஏழைகளுள் இலட்சக்கணக்கானோர் வாக்குரிமையை இழந்து நின்றனர்.

கொள்கை வென்றது, மக்கள் தோற்றனர். இது எவ்வாறு நேர்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடினால், இருகட்சி முறை, தேர்வாளர் குழு, கட்சி மாநாடு, தேர்தல் நிதி, வாக்காளர் பதிவு என்று நாம் மனனஞ் செய்யும் சொற்கள் யாவும் உயிருள்ள பொருள் பெற்றுவிடும்.

அரசியலமைப்பு பேசாத பொருள்

1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பிலே அரசியற் கட்சிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை வரைந்தோர் கட்சிகளை ஒரு நோயாகவே கருதினர். ஆயினும் அந்நோயின் மூலம் எதுவென்பதை அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மடிசன் நன்கு அறிந்திருந்தார். புதிய அரசியலமைப்பை ஆதரித்து அவர் அவ்வாண்டு எழுதிய கட்டுரை ஒன்றிலே, சமுதாயத்திற் பிரிவுகள் தோன்றுவதற்கு மிகப் பொதுவானதும் நிலையானதுமான காரணம் சொத்து ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருப்பதே என்று கூறினார். உடைமையாளரும் உடைமையற்றோரும், கடன் கொடுத்தோரும் கடன்பட்டோரும் வேறுவேறு நலன்களை உடையவர்கள் என்பதை மார்க்ஸ் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தவர் அவர். அந்த அறிவைக்கொண்டு அவர் கண்ட முடிபு வேறு. உடைமையற்ற பெரும்பான்மையோர் ஒன்றுதிரள்வதைத் தடுக்கப் பரந்த குடியரசே சிறந்த அரண் என்பது அவருடைய வாதம்.

1796இல் பதவி துறக்கு முன் வெளியிட்ட விடைபெறும் உரையிலே ஜோர்ஜ் வாஷிங்டன் கட்சி மனப்பான்மையைக் கண்டித்தார். அதற்கிடையில் அவருடைய அமைச்சரவைக்குள்ளேயே கட்சிகள் பிறந்துவிட்டன. வங்கியும் வணிகமும் தழைக்க வேண்டுமென்ற ஹமில்டன் ஒருபுறம். நிலவுடைமையாளரையும் சிறு விவசாயிகளையும் துணைகொண்ட ஜெபர்சன் மறுபுறம். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெபர்சனின் அணி வென்றபோது, ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து மற்றொரு கட்சிக்கு முதன்முறையாகக் கைமாறிற்று.

பின்னர் வந்த ஐம்பது ஆண்டுகளிலே வெள்ளை ஆண்களின் வாக்குரிமைக்குத் தடையாயிருந்த சொத்துத் தகைமை மாநிலந்தோறும் நீக்கப்பட்டது. வாக்காளர் தொகை பெருகவே அவர்களைத் திரட்டும் பொறியாகக் கட்சி வளர்ந்தது. வேட்பாளரைச் சட்டசபைப் பிரமுகர்கள் மூடிய அறைக்குள் நியமித்த வழக்கம் போய், 1831, 1832ஆம் ஆண்டுகளிலே தேசிய மாநாடுகள் கூடி நியமிக்கும் வழக்கம் வந்தது.

மூன்றாவது கட்சி எழவே முடியாத நாடு அமெரிக்கா என்று முடிவுகட்டுதலும் பிழை. அடிமை முறை பரவுவதை எதிர்த்து 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சி ஆறே ஆண்டுகளில் ஆபிரகாம் லிங்கனை ஜனாதிபதியாக்கிற்று. ஆனால், அது இரண்டு கட்சிகளோடு மூன்றாவதாக நிலைபெறவில்லை. அடிமைப் பிரச்சினையால் உடைந்துபோன விக் கட்சியின் இடத்தை அது நிரப்பிற்று. வீட்டில் இரண்டு அறைகளே இருந்தன. ஓர் அறை காலியானபோது புதியவர் குடிபுகுந்தார்.

இரண்டு அறைகள் மட்டும் ஏன்?

இதற்கு விடை தேர்தல் விதிகளில் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியை வாக்காளர் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தேர்வாளர் குறிப்பிட்ட தொகையினர் உளர். காங்கிரசின் கீழ்ச்சபையில் அம்மாநிலத்துக்கு உள்ள உறுப்பினர் தொகையோடு அதன் செனற்றர் இருவரையும் கூட்டினால் வருவதே அத்தொகை. இன்று நாடு முழுவதற்கும் 538 தேர்வாளர். வெற்றிக்கு 270 வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா என்னும் இரண்டு மாநிலங்கள் தவிர்ந்த ஏனைய மாநிலங்களிலே, ஒரு வாக்காயினும் கூடப் பெற்றவருக்கு அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியவராவர். இரண்டாவதாக வந்தவருக்கு எதுவும் இல்லை.

இவ்வாறு முழுவதையும் வென்றவருக்கே கொடுக்குமாறு அரசியலமைப்புக் கட்டளையிடவில்லை. தத்தம் மாநிலத்திற் பலம்பெற்றிருந்த கட்சியினர் தமக்கு இலாபம் என்று கண்டு இயற்றிய மாநிலச் சட்டமே இது. 1830களில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் இதனைக் கைக்கொண்டுவிட்டன.

விளைவு என்ன? 1860இல் லிங்கன் நாடளாவிய வாக்குகளில் நூற்றுக்கு நாற்பது வீதம் அளவே பெற்றும் தெளிவான வெற்றி கண்டார். 1876, 1888, 2000, 2016 ஆகிய ஆண்டுகளிலே நாடு முழுவதும் குறைந்த வாக்குகளைப் பெற்றவரே ஜனாதிபதியானார். 1992இல் சுயேச்சையாகப் போட்டியிட்ட செல்வந்தர் றொஸ் பெரோ ஏறக்குறைய 19 வீத வாக்குகளைப் பெற்றும் ஒரு தேர்வாளரைத்தானும் பெறவில்லை. அவருடைய ஆதரவு நாடெங்கும் பரவிக் கிடந்தமையே காரணம்.

காங்கிரசின் கீழ்ச்சபைத் தேர்தலிலும் இதே நியதிதான். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். கூடிய வாக்குப் பெற்றவர் வெற்றியாளர். இத்தகைய முறை இருகட்சி அமைப்பையே வளர்க்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மொறிஸ் டுவர்ஜே 1951இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். மூன்றாமவருக்கு இடும் வாக்கு வீணாகும் என்ற அச்சம் வாக்காளரைப் பிடித்துக்கொள்கிறது. தமக்கு உவப்பானவரை விட்டு, தாம் அஞ்சுபவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்கு அவர்கள் வாக்களிக்கின்றனர். நாளடைவில் அந்த அச்சமே கட்சிகளின் மூலதனமாகிவிடுகிறது.

பருத்தியும் கடனும்

இத்தகைய அமைப்புக்குள்ளே அமெரிக்க விவசாயி ஏன் புதிய கட்சி தேடினான்? 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அதன்பின் புகையிரதப் பாதைகள் கண்டத்தைக் குறுக்கறுத்தன; தொழிற்சாலைகள் பெருகின; செல்வம் குவிந்தது. விளைபொருளின் விலை மட்டும் ஆண்டுக்காண்டு வீழ்ந்தது. 1870களின் தொடக்கத்தில் இறாத்தலுக்குப் பத்துச் சதத்துக்கு மேல் விற்ற பருத்தி, 1894இல் ஐந்து சதத்துக்குங் கீழே போயிற்று. நாணயம் தங்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் பணப் புழக்கம் சுருங்கிற்று. விலை வீழ, கடனின் பாரம் ஏறிற்று. ஆயிரம் டொலர் கடன்பட்ட விவசாயி, அதைத் தீர்ப்பதற்கு முன்னையிலும் இருமடங்கு பருத்தி விளைவிக்க வேண்டியவனானான்.

தெற்கிலே நிலைமை இன்னும் கொடிது. விதைப்புக் காலத்தில் கடைக்காரன் மாவும் உப்பும் துணியும் கடனாகக் கொடுப்பான். இன்னும் முளைக்காத பயிரை ஈடாக எழுதிக்கொள்வான். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் தீர்ந்திராது. மறு ஆண்டுப் பயிரும் அவனுக்கே எழுதப்படும். வெள்ளையனாயினும் கறுப்பனாயினும் குத்தகை விவசாயி இந்தச் சுழியிலிருந்து மீளவில்லை. மேற்குச் சமவெளியிலே கடைக்காரனின் இடத்தில் அடகுக் கம்பனியும், தன் விருப்பப்படி கட்டணம் விதிக்கும் புகையிரதக் கம்பனியும் இருந்தன.

இக்கொடுமைக்கு எதிராக 1870களின் பிற்பகுதியில் டெக்சாஸ் மாநிலத்திலே விவசாயிகள் கூட்டணி உருவாயிற்று. சேர்ந்து வாங்கவும் சேர்ந்து விற்கவும் அவர்கள் கூட்டுறவு அமைப்புகளைத் தொடங்கினர். வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன, கூட்டுறவுகள் தள்ளாடின. தனித்தனியே உழைத்து இதனை வெல்ல முடியாது, அரசாங்கமே தலையிட வேண்டும் என்ற பாடத்தை அனுபவம் கற்பித்தது. அக்கூட்டணி கறுப்பினத்தாரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அவர்கள் 1886இல் டெக்சாசிலேயே தமக்கெனத் தனியான கூட்டணியை அமைத்துக்கொண்டனர்.

இரண்டு பெருங் கட்சிகளும் என்ன செய்தன? குடியரசுக் கட்சி வடக்கிலே போரின் நினைவைக் கிளறி வாக்குக் கேட்டது. ஜனநாயகக் கட்சி தெற்கிலே வெள்ளையர் ஆதிக்கத்தைச் சொல்லி வாக்குக் கேட்டது. தங்க நாணயத்தைக் காப்பதிலும் புகையிரதக் கம்பனிகளின் மனம் நோகாதபடி நடப்பதிலும் இரு கட்சித் தலைமைகளும் ஒத்துப்போயின.

ஓமஹாவிலிருந்து தேர்தற் களத்துக்கு

ஓமஹா மாநாட்டின் பிரகடனம் இச்சூழ்நிலையிற் பிறந்தது. புகையிரதங்களும் தந்தியும் தொலைபேசியும் பொதுவுடைமையாக வேண்டும். வருமானம் கூடக்கூட வரி வீதமும் கூட வேண்டும். வெள்ளியையும் தங்கத்தோடு ஒன்றுக்குப் பதினாறு என்ற விகிதத்தில் நாணயமாக்க வேண்டும். விளைபொருளை அரசாங்கக் களஞ்சியத்தில் வைத்து அதன் பெறுமதியிற் பெரும்பகுதியைக் குறைந்த வட்டிக்குக் கடனாகப் பெறும் திட்டம் வேண்டும். அஞ்சலகங்களிற் சேமிப்பு வங்கிகள் வேண்டும். இவற்றோடு, செனற்றர்களை மாநிலச் சட்டசபைகள் தெரிவுசெய்வதை விடுத்து மக்களே தெரிவுசெய்ய வேண்டும் என்றும், வாக்கெடுப்பு இரகசியமாக நடைபெற வேண்டும் என்றும் மாநாட்டினர் தீர்மானித்தனர்.

ஜனாதிபதி வேட்பாளராக அயோவா மாநிலத்து ஜேம்ஸ் வீவர் நியமிக்கப்பட்டார். இவர் போரிலே வடக்கின் படைத்தளபதியாயிருந்தவர். துணை ஜனாதிபதி வேட்பாளர் வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பீல்ட். இவர் அதே போரிலே தெற்கின் படையில் நின்றவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்ட இரு படையினர் ஒரே வாக்குச்சீட்டில் நின்றது, பழைய பகையை வைத்துப் பிழைத்த இரு கட்சிகளுக்கும் விடுக்கப்பட்ட சவாலாயிற்று.

நவம்பரில் வீவர் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். இது மொத்தத்தில் 8.5 வீதம். கன்சாஸ், கொலறாடோ, ஐடஹோ, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களை வென்றதோடு, வேறிரு மாநிலங்களில் ஒவ்வொருவராக, மொத்தம் 22 தேர்வாளர்கள் அவருக்குக் கிடைத்தனர். நூறாண்டுகளுக்குப் பின்னர் 19 வீதம் பெற்ற பெரோவுக்கு ஒருவருமில்லை, 8.5 வீதம் பெற்ற வீவருக்கு 22 பேர். விவசாயியும் சுரங்கத் தொழிலாளியும் செறிந்து வாழ்ந்த மாநிலங்களில் அவருடைய ஆதரவு திரண்டிருந்தமையே இதற்குக் காரணம். எத்தனை வாக்கு என்பதோடு எங்கே விழுந்த வாக்கு என்பதையும் அமெரிக்கத் தேர்தல் கணக்கில் எடுக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

தெற்கிலே தோன்றிய ஒளியும் நிழலும்

மேற்கிலே மக்கள் கட்சி கண்ட வெற்றியினும் தெற்கிலே அது எழுப்பிய கேள்வியே ஆளும் வர்க்கத்தை அதிகம் கலங்கச் செய்தது. ஜோர்ஜியா மாநிலத்து வழக்கறிஞரான தோமஸ் வாட்சன் 1890இல் காங்கிரசுக்குத் தெரிவானவர். பின்னர் மக்கள் கட்சியிற் சேர்ந்தார். வெள்ளை விவசாயியும் கறுப்பு விவசாயியும் ஒரே கொள்ளைக்கு இரையாகிறார்கள், தனித்தனியே சுரண்டப்படுவதற்காகவே அவர்கள் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் 1892இல் வெளிப்படையாக எழுதினார், மேடைகளிலும் பேசினார். அவருக்காகப் பிரசாரஞ் செய்த கறுப்பின மதபோதகர் ஒருவரின் உயிருக்கு ஆபத்து வந்தபோது, வெள்ளை விவசாயிகள் ஆயுதந்தாங்கி வந்து காவல் நின்றனர். அக்காலத் தெற்கில் இது கேள்விப்படாத செய்தி.

இதனைப் பொற்காலமாகச் சித்திரித்தல் வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். 1891இல் கறுப்பினப் பருத்தி பறிப்போர் நூறு இறாத்தலுக்கு ஒரு டொலர் கூலி கேட்டு வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தபோது, வெள்ளையர் கூட்டணித் தலைவர்கள் அதனை எதிர்த்தனர். நிலமுள்ள விவசாயி, தன் வயலிற் கூலிக்கு உழைப்பவனுக்கு எசமானன். ஆர்க்கன்சாவிலே அவ்வேலைநிறுத்தம் கொலைகளில் முடிந்தது. கறுப்பு மக்களின் வாக்கை நாடிய மக்கள் கட்சியினருட் பலர், அவர்களைச் சமமான மனிதராக ஏற்க ஆயத்தமாக இருக்கவில்லை. கூட்டு உண்மையானது, அதன் அத்திவாரம் பலவீனமானது. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்தப் பலவீனமான கூட்டுக்கே ஆளுவோர் அஞ்சினர். வாட்சன் போட்டியிட்ட தொகுதியிலே, அகஸ்டா நகரில் வாக்களிக்கத் தகுதியுடையோர் தொகையிலும் கூடுதலான வாக்குகள் பதிவானதாகக் காட்டப்பட்டது. கறுப்பு வாக்காளருள் ஒரு பகுதியினர் மிரட்டப்பட்டனர். ஒரு பகுதியினர் விலைக்கு வாங்கப்பட்டனர். வாட்சன் தோற்கடிக்கப்பட்டார்.

1896: விழுங்கிய மீன்

1893இல் பெரும் பொருளாதார நெருக்கடி வெடித்தது. நூற்றுக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1894இல் புல்மன் புகையிரத வண்டித் தொழிலாளர் போராட்டத்தை நசுக்க, ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கிளீவ்லாந்து மத்திய படைகளை அனுப்பினார். அவ்வாண்டுக் காங்கிரஸ் தேர்தலில் மக்கள் கட்சியின் வாக்குகள் ஏறக்குறையப் பதினைந்து இலட்சமாக உயர்ந்தன. மூன்றாவது கட்சி முதலிரண்டில் ஒன்றாகும் காலம் நெருங்கிவிட்டதெனப் பலர் நம்பினர்.

அப்பொழுதுதான் அமெரிக்க இருகட்சி முறை தன் பழைய வித்தையைக் காட்டிற்று. 1896 யூலையில் சிக்காகோவிற் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, மக்கள் கட்சியின் கோரிக்கைகளில் ஒன்றாகிய வெள்ளி நாணயத்தை மட்டும் எடுத்துத் தன் கொடியில் எழுதிக்கொண்டது. 36 வயதினரான வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன் தம் நாவன்மையால் மாநாட்டைக் கவர்ந்து வேட்பாளரானார். பொதுவுடைமைப் புகையிரதம், களஞ்சியக் கடன் திட்டம் முதலியன அதில் இல்லை.

அடுத்த சில நாட்களில் சென்ற் லூயிஸ் நகரிற் கூடிய மக்கள் கட்சி மாநாட்டின் முன் இரண்டே வழிகள் இருந்தன. தனி வேட்பாளரை நிறுத்தினால் வாக்குப் பிளந்து தங்க நாணயக்காரர் வெல்வர். பிரையனை ஏற்றால் கட்சி கரைந்துபோகும். நீண்ட வாக்குவாதத்தின் பின் பிரையனையே ஏற்றனர். ஜனநாயகக் கட்சியின் துணை வேட்பாளரோ கப்பல் முதலாளியும் வங்கியாளருமானவர். அவரை ஏற்க மனமில்லாது வாட்சனைத் தம் துணை வேட்பாளராக நியமித்தனர். தெற்கிலே தம்மைச் சுட்டும் அடித்தும் தோற்கடித்த அதே கட்சியின் வேட்பாளருக்கு வாக்களிக்குமாறு தெற்கின் மக்கள் கட்சியினர் கேட்கப்பட்டனர். அவர்களுடைய மனவேதனையைச் சொல்லி முடியாது.

எதிரணியிலே குடியரசுக் கட்சி வேட்பாளர் மக்கின்லி. அவருக்காகப் பிரசாரத்தை நடத்தியவர் ஒஹாயோ முதலாளி மார்க் ஹனா. வங்கிகளின் மூலதனத்துக்கு இத்தனை வீதம் என்று வரி விதிப்பதுபோல அவர் நிதி அறவிட்டார். ஸ்டாண்டர்ட் எண்ணெய்க் கம்பனி மட்டும் 2,50,000 டொலர் கொடுத்தது. மொத்த நிதி 35 இலட்சம் டொலர் அளவென்று கணக்கிடப்படுகிறது. பிரையனிடம் இருந்தது இதன் சிறு பங்கே. பல மொழிகளில் அச்சிடப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் கோடிக்கணக்கில் வீடு வீடாகச் சென்றன. பிரையன் புகையிரதத்திற் பதினெண்ணாயிரம் மைல் அலைந்து பேசினார். மக்கின்லி தம் வீட்டு முகப்பில் அமர்ந்திருந்தார். கூட்டம் அவரைத் தேடி வந்தது. நவீன காலத் தேர்தற் பிரசாரத்தின் பிறப்பு இது என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

முடிவு: மக்கின்லிக்கு 271 தேர்வாளர், பிரையனுக்கு 176. வாட்சன் துணை ஜனாதிபதிப் பதவிக்கு 27 தேர்வாளரின் வாக்குகளை மட்டும் பெற்றார். மக்கள் கட்சி அதன்பின் தலைதூக்கவில்லை.

கதவுகள் அடைக்கப்பட்ட விதம்

ஒரு கட்சி தோற்பது புதுமையன்று. அத்தகைய கட்சி மீண்டும் எழாதபடி விதிகள் மாற்றப்பட்டமையே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

முதலாவது, வாக்குச்சீட்டு. 1888க்கு முன் வாக்குச்சீட்டை அச்சிட்டவை கட்சிகளே. அவ்வாண்டு மசச்சூசெட்ஸ் மாநிலம், அரசாங்கமே அச்சிடும் இரகசியச் சீட்டை ஏற்றது. ஏனைய மாநிலங்களும் பின்பற்றின. வாக்காளனைக் கண்காணிக்கும் கொடுமையை இது குறைத்தது. மக்கள் கட்சியும் இதையே கேட்டது. ஆனால், சீட்டை அச்சிடும் அதிகாரம் கிடைத்ததும், அதில் யார் பெயர் இடம்பெறலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் மாநிலச் சட்டசபைகளுக்கு வந்தது. அங்கே இருந்தவர் யார்? இரண்டு பெருங் கட்சியினர். ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நியமிக்கலாகாது என்ற சட்டத்தைப் பல மாநிலங்கள் இயற்றின. சிறு கட்சி தன் தனித்தன்மையை இழக்காமற் பெரிய கட்சியோடு கூட்டுச் சேரும் வழி இதனால் அடைபட்டது. மினசோட்டா மாநிலத்தின் இத்தகைய சட்டம் செல்லும் என்று உயர்நீதிமன்றம் 1997இலும் தீர்ப்பளித்தது. நியூயோர்க் முதலிய ஒரு சில மாநிலங்களே கூட்டு நியமனத்தை இன்றும் அனுமதிக்கின்றன.

இரண்டாவது, வாக்காளன். நிறத்தைக் காரணங்காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870இல் அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம் கூறிற்று. 1890இல் மிசிசிப்பி மாநிலம் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அதனை மறுக்கும் வழியைக் கண்டது. வாக்களிக்க விரும்புவோன் இரண்டு டொலர் வரி கட்ட வேண்டும். அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசிக்க அல்லது கேட்டு விளக்க வேண்டும். விளக்கம் சரியா பிழையா என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. 1898இல் உயர்நீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது.

வட கரோலினாவிலே மக்கள் கட்சியினரும் கறுப்பு வாக்காளரைக் கொண்ட குடியரசுக் கட்சியினரும் கூட்டுச் சேர்ந்து 1894இல் மாநிலச் சட்டசபையைக் கைப்பற்றினர். 1896இல் ஆளுநர் பதவியையும் வென்றனர். 1898இல் ஜனநாயகக் கட்சி இனவெறியை மூட்டி மாநிலத்தை மீட்டது. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், நவம்பர் 10ஆந் திகதி, வில்மிங்டன் நகரத்தின் சட்டபூர்வமான நிர்வாகம் துப்பாக்கி முனையிற் கவிழ்க்கப்பட்டது. கறுப்பினத்தாரின் பத்திரிகை நிலையம் எரிக்கப்பட்டது, பலர் கொல்லப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் எழுத்தறிவுச் சோதனை அம்மாநிலத்தின் அரசியலமைப்பில் ஏறிற்று.

லூசியானாவிலே 1898இல் இன்னொரு தந்திரம் வகுத்தனர். 1867 சனவரி முதலாந் திகதி தந்தைக்கோ பாட்டனுக்கோ வாக்குரிமை இருந்திருந்தால், பேரனுக்குச் சோதனை இல்லை. அடிமையின் பேரனுக்கு அத்தகைய பாட்டன் எங்ஙனம் இருப்பான்? 1896இல் அங்கே பதிவு பெற்றிருந்த கறுப்பு வாக்காளர் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர். 1908க்குள் தென்மாநிலங்கள் அனைத்தும் ஏதோவொரு வகையில் இந்த வேலையை முடித்துவிட்டன. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தெரியும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதியும் வந்தது. ஒரே கட்சி ஆளும் மாநிலத்தில் முதனிலைத் தேர்தலே உண்மையான தேர்தல்.

வலை கறுப்பனுக்கென்று விரிக்கப்பட்டது. ஏழை வெள்ளையனும் அதில் விழுந்தான். வரி கட்டக் காசில்லாதவன் எந்நிறத்தவனாயினும் வாக்களிக்க இயலாது. 1896இல் நாடு முழுவதும் தகுதியுடையோரில் நூற்றுக்கு 79 பேர் அளவில் வாக்களித்தனர். புதிதாக வாக்குரிமை பெற்ற பெண்களும் சேர்ந்திருந்த 1924இல் அது ஐம்பது வீதத்துக்குங் கீழே வீழ்ந்தது. தெற்கிலே ஐந்தில் ஒருவர் அளவுக்கே வாக்களித்தனர்.

எதை வென்றோம், எவரை இழந்தோம்?

1910இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கிக்குச் சட்டம் வந்தது. 1913இல் வருமான வரிக்கும் செனற் சபையின் நேரடித் தேர்தலுக்கும் அரசியலமைப்புத் திருத்தங்கள் வந்தன. 1916இல் விவசாயக் கடனுக்கும் களஞ்சியங்களுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஓமஹாவிலே பைத்தியக்காரர் பேச்சென நகைக்கப்பட்டவை நாட்டின் நடைமுறையாயின. புகையிரதங்கள் தனியார் உடைமையாகவே நின்றன.

மூன்றாவது கட்சிகளின் பயன் இதுதான், அவை கொள்கையை விதைக்கும், பெரிய கட்சிகள் அறுவடை செய்யும் என்று சில ஆசிரியர்கள் எழுதுவர். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. செனற்றரை மக்களே தெரிவுசெய்யலாம் என்ற சட்டம் 1913இல் வந்தபோது, மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் அந்த மக்கள் என்போர் யார்? விதைத்தவனை வயலிலிருந்து துரத்திவிட்டு நடந்த அறுவடை அது.

துரத்தப்பட்டவர் திரும்பி வர அரை நூற்றாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. வெள்ளையர் மட்டுமான முதனிலைத் தேர்தல் 1944இல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. மத்திய தேர்தல்களில் வாக்கு வரி 1964இல் ஒழிந்தது. அலபாமாவிலே செல்மா நகரத்துப் பாலத்தில் அடிபட்ட மக்களின் குருதியால் 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 2013இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கிய பாதுகாப்பொன்றைச் செயலிழக்கச் செய்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், தேர்தற் பிரசாரத்தில் கம்பனிகள் சுயேச்சையாகச் செலவிடும் பணத்துக்கு எல்லையிடலாகாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மார்க் ஹனாவின் உண்டியலுக்கு வாய் இன்னும் அகலமாயிற்று.

வாட்சனின் பிற்காலத்தையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தோல்வியின் கசப்பிலே அவர் தம் பழைய கொள்கையைத் தாமே மிதித்தார். கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிக்கத் துணை நின்றார். யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் எதிராக நஞ்சு கக்கினார். 1920இல் ஜோர்ஜியாவின் செனற்றராகத் தெரிவாகி 1922இல் மறைந்தார். ஏழைகளை நிறத்தாற் பிரித்துத்தான் சுரண்டுகிறார்கள் என்று கண்டவரே அந்தப் பிரிவினையின் கருவியானார். ஒரு தலைவனின் நல்லெண்ணத்தை நம்பிக் கட்டப்படும் ஒற்றுமை எவ்வளவு நொய்யது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

ஆகவே, அமெரிக்காவில் இரண்டு கட்சிகள் உண்டு என்ற வாக்கியத்தை வகுப்பிலே படிப்பிக்கும் ஆசிரியர் அதனோடு நின்றுவிடலாகாது. அந்த விதியை எழுதியவர் யார், அச்சீட்டை அச்சிட்டவர் யார், பணங் கொடுத்தவர் யார், பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டப்பட்டவர் யார் என்று மாணவர் கேட்கப் பழகட்டும். தேர்தல் முடிவைப் பார்ப்பவர் யார் வென்றார் என்று கேட்கிறார். யாருடைய வாக்கு எண்ணப்படவேயில்லை என்று கேட்பவருக்கே தேர்தலின் வரலாறு விளங்கும். லூசியானாவின் பதிவேட்டில் 1896க்கும் 1904க்கும் இடையே மறைந்த ஒரு இலட்சத்து இருபத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கின்றன.